மூணு விரல் குதிரையும் ஒரு தப்பான ஏணியும்

ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஆரம்பிச்ச வாய்ச்சண்டை இது. நண்பர் ஒருத்தர், நல்லா படிச்சவர், நிறைய வாசிக்கிறவர். "குதிரைப் படமே தப்புன்னு விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் எதுக்கு இன்னும் பரிணாமம் பரிணாமம்னு..." என்று இழுத்தார். டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசியும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏன்னா அவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யைச் சமாளிச்சுடலாம், இந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கவுத்துடும்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சதில் ஒரு வாரம் போச்சு. அந்த வாரத்தின் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

முதலில் அந்தப் படம். பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீங்க. இடது ஓரத்தில் நாய் சைஸில் ஒரு பிராணி, முன்னங்காலில் நாலு விரல். அடுத்தது ஆட்டுக்குட்டி சைஸ், மூணு விரல். அதுக்கடுத்ததில் நடுவிரல் மட்டும் பெருத்து, பக்கத்து விரல் ரெண்டும் தரையைத் தொடாமல் தொங்கும். கடைசியில் ஒற்றைக் குளம்போடு கம்பீரமாக நம்ம குதிரை. எங்கள் விலங்கியல் வாத்தியார் கரும்பலகையில் வரைஞ்சா நாலுமே நாய் மாதிரிதான் இருக்கும், அது வேற கதை. ஏணிப்படி மாதிரி ஒண்ணு மாறி ஒண்ணு, பார்த்ததும் புரியும், பரீட்சையில் பத்து மார்க்.

இந்த ஏணியில் அந்தக் காலத்தில் ஒரு முக்கியமான படியாக இருந்தது ஹிப்பாரியன் என்கிற மூணு விரல் குதிரை. கிரேக்க மொழியில் 'குட்டிக் குதிரை' என்று அர்த்தம். 1832ல் ஜூல் த கிறிஸ்தோல் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். மட்டக்குதிரை உயரம். தூரத்தில் இருந்து பார்த்தால் சின்னக் குதிரை என்றே நினைப்போம். கிட்டப் போய்க் காலைப் பார்த்தால்தான் தெரியும்: நடுவில் ஒரு பெரிய குளம்பு, அதுக்கு ரெண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு குளம்பு.

இங்கே குதிரைக் கால் பற்றி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. குதிரையின் முன்னங்காலில் நாம 'முட்டி' என்று நினைக்கிறோமே, அது முட்டி இல்லை, மணிக்கட்டு. அதுக்குக் கீழே இருக்கிற நீளமான எலும்பு நம்ம உள்ளங்கை எலும்பு. அதுக்கும் கீழே இருப்பது ஒரே ஒரு விரல், நடுவிரல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். அதாவது அரை டன் எடையுள்ள மிருகம் நாலு நகத்தின் மேல் நின்னு ஓடுது. கையை மேசையில் வச்சு நடுவிரல் நுனியை மட்டும் ஊன்றிப் பாருங்க, கஷ்டம் தெரியும். அந்த நீள எலும்பின் ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி மெலிசாக ரெண்டு எலும்பு ஒட்டிக்கிட்டு, பாதியிலேயே முடிஞ்சு போயிருக்கும். காணாமல் போன ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் விட்டுப் போன மிச்சம் அது.

எப்போதாவது, ரொம்ப அபூர்வமாக, அந்தப் பழைய விரல் திரும்ப முளைச்ச குதிரையும் பிறக்கும். ஜூலியஸ் சீசரின் குதிரைக்கு மனுசன் பாதம் மாதிரி விரல் விரலாகப் பிரிஞ்ச குளம்பு இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதி வச்சிருக்கார். சீசரைத் தவிர யாரையும் மேலே ஏற விடாதாம். அதற்குச் சிலை வேறு வச்சாங்களாம். சோசியர்கள் 'உலகத்தையே ஆளுவார்' என்று பலன் சொன்னதும் உண்டு. 1879ல் அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷ் இந்த மாதிரி விரல் அதிகமான குதிரைகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவருக்கு இதில் ஏன் ஆர்வம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இப்போ ஐரோப்பாவுக்குப் போவோம். கிரேக்கத்தில் ஏதென்ஸ் பக்கத்தில் பிக்கெர்மி என்று ஒரு கிராமம். 1830கள். கிரேக்க நாட்டுக்கு அப்போ ராஜா பவேரியாவில் இருந்து வந்தவர், கூடவே பவேரியச் சிப்பாய்களும். அதில் ஒரு சிப்பாய் ஊர் திரும்பினப்போ ஒரு மண்டையோட்டுத் துண்டைக் கொண்டு வந்து, உள்ளே வைரம் பதிஞ்சிருக்குன்னு குடிபோதையில் பீத்திக்கிட்டதாகச் சொல்வாங்க. கல்லறையைத் தோண்டித் திருடிட்டான்னு போலீஸ் பிடிச்சுது. பொருளைப் பார்க்கச் சொல்லி மியூனிக்கில் இருந்த ஆந்திரியாஸ் வாக்னர் என்ற விலங்கியல்காரரிடம் கொடுத்தாங்க. அவர் பார்த்தா, வைரம் இல்லை, வெறும் கால்சைட் படிகம். ஆனா மண்டையோடு வைரத்தை விட உசத்தி: லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்தின குரங்கு! 1839ல் அவர் அதை எழுதி வெளியிட்டதும் பிக்கெர்மிக்கு யோகம் அடிச்சுது.

1855க்கும் 1860க்கும் இடையில் ஆல்பர்ட் கோத்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே போய்த் தோண்டினார். ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், கழுதைப்புலி, மான் வகைகள் என்று ஒரு ஆப்பிரிக்கக் காடே கிரேக்கச் செம்மண்ணுக்குள் இருந்து வந்தது. சுமார் 70 லட்சம் வருசத்துப் பழசு. அதில் ஹிப்பாரியன் எலும்பு குவியல் குவியலாக. கோத்ரி 1866 வாக்கில் விலங்குகளுக்கு வம்ச மரம் வரைஞ்சார். டார்வின் புத்தகம் வந்து ஏழே வருசம்தான் ஆகியிருந்தது, கவனிங்க. புதைபடிவங்களை வச்சு வரைஞ்ச முதல் வம்ச மரங்களில் அதுவும் ஒண்ணு. ஹிப்பாரியனில் இருந்து குதிரை.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் உள்ளே வரார். விளாதிமிர் கோவலேவ்ஸ்கி.

பேரைக் கேட்டதும் சிலருக்கு மணி அடிச்சிருக்கும். ஆமாம், கணித மேதை சோஃபியா கோவலேவ்ஸ்காயாவின் கணவரேதான். அந்தக் காலத்து ரஷ்யாவில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாது, வெளிநாடு போகவும் அப்பாவோ புருசனோ அனுமதி தரணும். அதனால் முற்போக்கு இளைஞர்கள் சிலர் பேருக்குக் கல்யாணம் பண்ணி அந்தப் பெண்களை வெளியே கூட்டிப் போனாங்க. 1868ல் அப்படி நடந்த பெயரளவுக் கல்யாணம் இது (பின்னாளில் நிஜமாகவே குடும்பம் ஆச்சு, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது). விளாதிமிர் அதற்கு முன்னால் பதிப்பாளர். டார்வின் புத்தகத்தை ரஷ்ய மொழியில் கொண்டு வந்தவர். மனைவி ஜெர்மனியில் கணிதம் படிக்க, இவர் எலும்பு படிக்க ஆரம்பிச்சார். ஐரோப்பாவின் அருங்காட்சியகம் ஒவ்வொண்ணாக ஏறி இறங்கி, டிராயரில் தூசி படிஞ்சு கிடந்த கால் எலும்புகளை எடுத்து ஒப்பிட்டார்.

மிஞ்சிப் போனால் நாலைந்து வருச ஆராய்ச்சி. ஆனா பிரமாதமான வேலை. தன் கட்டுரைகளை பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம்னு மூணு அந்நிய மொழியில் எழுதினார். 1873ல் வந்தது ஆங்கிதீரியம் என்ற பழைய மூணு விரல் குதிரை பற்றிய நூல். பேலியோதீரியம், ஆங்கிதீரியம், ஹிப்பாரியன், குதிரை என்று படிப்படியாகக் கால் எப்படி மாறுதுன்னு மூட்டு மூட்டாகக் காட்டினார். அவர் வெறுமனே 'விரல் குறையுது' என்று நிறுத்தலை. விரல் குறையறப்போ மணிக்கட்டு எலும்புகள் என்ன ஆகுது என்று கேட்டார். சில மிருகத்துக்கு விரல் குறையும், ஆனா மிச்சம் இருக்கிற விரல் பழைய இடத்திலேயே நிக்கும், போன விரலின் பாரத்தைத் தாங்க ஆள் இருக்காது. இன்னும் சில மிருகத்துக்கு மிச்சமுள்ள விரல் அகலமாகி, போனவங்க இடத்தையும் சேர்த்துப் பிடிச்சு, மணிக்கட்டு முழுக்கத் தாங்கிக்கும். முதல் வகை காலப்போக்கில் அழிஞ்சுது, ரெண்டாவது வகை பிழைச்சுதுன்னு அவர் சொன்னார். எலும்பை வெறும் அடையாளச் சின்னமாகப் பார்க்காமல், அது என்ன வேலை செய்யுதுன்னு பார்த்த முதல் ஆட்களில் ஒருத்தர். ஆந்த்ரகோதீரியம் என்ற இன்னொரு மிருகம் பற்றின நூலை டார்வினுக்குச் சமர்ப்பணம் பண்ணினார்.

அப்புறம்? வாழ்க்கை கையைக் கடிச்சுது. பதிப்புத் தொழிலில் பட்ட கடன், கட்டட முதலீட்டில் நட்டம், எண்ணெய் கம்பெனி ஒண்ணில் சேர்ந்து அதிலும் வம்பு வழக்கு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைச்சும் நிம்மதி இல்லை. 1883 ஏப்ரலில் குளோரோஃபார்மை முகர்ந்து தற்கொலை செய்துக்கிட்டார். நாற்பது நாற்பத்தோரு வயசு. சோஃபியா அப்போ பாரிஸில் இருந்தார்.

சரி, அவர் வரைஞ்ச ஏணி என்ன ஆச்சு?

அது அவர் உயிரோடு இருக்கும்போதே ஆட்டம் கண்டுடுச்சு. இங்கிலாந்தில் டார்வினுக்காக எல்லா மேடையிலும் சண்டை போட்ட தாமஸ் ஹக்ஸ்லி, 1870லேயே இந்த ஐரோப்பிய ஏணியைச் சொல்லிக்கிட்டிருந்தார். 1876ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் சொற்பொழிவு, கையில் தயாரான குறிப்பு. அதுக்கு முன்னால் யேல் பல்கலைக்கழகத்தில் மார்ஷ் (சீசர் குதிரை புகழ் அதே மார்ஷ்!) சேர்த்து வச்சிருந்த எலும்புகளைப் பார்க்கப் போனார். இவர் 'இந்தப் படிக்கு ஆதாரம் இருக்கா' என்று கேட்கக் கேட்க, மார்ஷ் ஆளை அனுப்பி ஒரு பெட்டியை எடுத்து வரச் சொல்லித் திறந்து காட்டிக்கிட்டே இருந்தாராம். கடைசியில் ஹக்ஸ்லி அவரை மந்திரவாதின்னே சொல்லிட்டார். ஐரோப்பாவில் இருந்தது மூணு நாலு துண்டு, இங்கே அமெரிக்க மேற்கில் இருந்து முழு வரிசை. ஹக்ஸ்லி ஊரில் இருந்து கொண்டு வந்த கருத்தை மாத்திக்கிட்டு, நியூயார்க்கில் அமெரிக்கக் குதிரைகளை வச்சே பேசினார். அவர் வயசுக்கும் பேருக்கும் இது சாதாரண விசயம் இல்லை. நான் டீக்கடையில் கூட மாத்திக்க மாட்டேன் ;-)

விசயம் என்னன்னா, குதிரைக் குடும்பம் பெரும்பாலும் வளர்ந்தது வட அமெரிக்காவில். அங்கே இருந்து அப்பப்போ ஒரு கிளை, கடல் மட்டம் இறங்கி பேரிங் பக்கம் தரைப்பாலம் தெரியறப்போ ஆசியாவுக்குள் வந்து பரவும். ஆங்கிதீரியம் அப்படி வந்தது சுமார் 2 கோடி வருசம் முன்னால். ஹிப்பாரியன் கூட்டம் வந்தது சுமார் 1 கோடியே 10 லட்சம் வருசம் முன்னால். நம்ம ஒற்றைக் குளம்புக் குதிரையின் இனம் வந்தது சுமார் 25 லட்சம் வருசம் முன்னால். மூணும் தனித்தனியாக வந்த விருந்தாளிகள். ஒருத்தருக்கு ஒருத்தர் தாத்தா, அப்பா, பேரன் இல்லை.

ஒரு வாடகை வீட்டில் முப்பது வருசமாக யார் யார் குடியிருந்தாங்கன்னு வரிசையாக எழுதி, அதையே வம்சாவளின்னு படிச்சா எப்படி இருக்கும்? முதலில் இருந்த பிள்ளையின் மகன்தான் அடுத்து வந்த முதலியார் என்று? கோத்ரியும் கோவலேவ்ஸ்கியும் பண்ணினது அதுதான். அவங்க மேல் குத்தம் இல்லை, அவங்க கையில் இருந்தது அந்த ஒரு வீட்டின் கணக்கு மட்டும்தான்.

ஹிப்பாரியன் குதிரைக்குத் தாத்தா இல்லை. ஒண்ணரைக் கோடி வருசத்துக்கும் முன்னால் மெரிக்கிப்பஸ் மாதிரியான ஒரு மூதாதைக் கூட்டத்தில் இருந்து பிரிஞ்ச இன்னொரு கிளை. உறவு சொல்லணும்னா பெரியப்பா வழி. பல்லைப் பார்த்தாலே தெரியும். மேல் கடைவாய்ப் பல்லின் அரைக்கிற பரப்பில், நாக்குப் பக்கமாக எனாமல் வளையம் ஒண்ணு ஹிப்பாரியனுக்குத் தனித் தீவு மாதிரி நிக்கும். இன்றைய குதிரைக்கு அதே வளையம் மத்த பகுதியோடு ஒட்டித் தீபகற்பமாக இருக்கும். வயலில் கிடைக்கிற ஒத்தைப் பல்லை வச்சே இது யாருன்னு சொல்லிடுவாங்க.

சொல்லப்போனால் மார்ஷின் அமெரிக்க வரிசையும் ஏணி இல்லைதான். பின்னால் தோண்டத் தோண்ட அது புதராகக் கிளைச்சுப் போச்சு. ஒரே காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட குதிரை வகைகள் பக்கத்தில் பக்கத்தில் மேய்ஞ்சிருக்கு. பெரியது சிறியதாகவும் ஆகியிருக்கு. பாடப்புத்தகத்தில் வருகிற பிளியோஹிப்பஸ் கூட இப்போ நேர் மூதாதை இல்லை, அந்த இடம் டைனோஹிப்பஸ் பக்கம் போயிடுச்சு. ஆக, நண்பர் சொன்ன 'படம் தப்பு' என்பது உண்மை. ஆனா அதைத் தப்புன்னு கண்டுபிடிச்சது யார்? இன்னும் கொஞ்சம் எலும்பு தோண்டினவங்க. ஏணி போய்ப் புதர் வந்துதே தவிர, மூணு விரல் எலும்பு ஒண்ணும் கரைஞ்சு போயிடலை. கோவலேவ்ஸ்கி மணிக்கட்டு பற்றிச் சொன்ன கேள்வியும்தான்.

நம்ம நாட்டுக் கதைக்கு வரேன். ஹிப்பாரியன் கூட்டம் இந்தியாவிலும் இருந்தது, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில். 1830களில் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்துப் பொறுப்பாளர் ஹியூ ஃபால்கனர், கால்வாய் எஞ்சினியர் புரோபி காட்லி (கங்கைக் கால்வாய் வெட்டினாரே, அவரேதான்) ரெண்டு பேரும் அங்கே எலும்பு பொறுக்க ஆரம்பிச்சாங்க. ஊர் ஜனங்க அந்தக் கல்லான எலும்பை 'மின்னல் எலும்பு' என்று சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். அதற்கும் ஐந்நூறு வருசம் முன்னால் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டினப்போ ராட்சச எலும்பு கிடைச்சதாக ஃபெரிஷ்டா எழுதியிருக்கார். ஃபால்கனரும் காட்லியும் பேரிட்ட மூணு விரல் குதிரை ஒண்ணு உண்டு. பின்னால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த லைடெக்கர் இன்னொண்ணுக்கு 1877ல் பேர் வச்சார். இதில் பலதை இப்போ சிவல்ஹிப்பஸ் என்ற தனிப் பேரினத்தில் சேர்த்துட்டாங்க. ஹிப்பாரியன் என்ற பேரில் ஒரு காலத்தில் கண்டதையும் போட்டு அடைச்சு வச்சிருந்ததால், ரேமண்ட் பெர்னர் போன்றவங்க உட்கார்ந்து பிரிச்சு அடுக்கினாங்க. நான் இங்கே எல்லாத்தையும் ஹிப்பாரியன் கூட்டம்னே சொல்றேன், நிபுணர்கள் மன்னிக்கணும்.

சிவாலிக் குதிரைன்னதும் இன்னொரு கோஷ்டி வந்துடும். 'பார்த்தீங்களா, குதிரை இங்கேயே பிறந்தது, அதனால் வேதகாலக் குதிரையும் நம்ம ஊர்ச் சரக்கு' என்று. சிந்துவெளி, ஆரியர், குதிரை எலும்பு என்று ஆரம்பிச்சா எத்தனை சண்டை வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்னாலும் சரி, மூணு விரல் குதிரையைச் சாட்சிக் கூண்டில் ஏத்தாதீங்க. அது நம்ம குதிரையின் மூதாதையே இல்லை. சிவாலிக்கில் பிறகு வந்த ஒற்றைக் குளம்புக் குதிரை ஒண்ணு உண்டு, அதன் காலமும் லட்சக்கணக்கான வருசக் கணக்கில்தான். வீட்டுக் குதிரையைப் பொறுத்தவரை, 2021ல் பழைய குதிரை எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்ஞ்சு, இன்றைய குதிரைகளின் பூர்வீகம் ரஷ்யாவின் வோல்கா - தோன் நதிப் பக்கத்துப் புல்வெளி என்றும், கிமு 2200 வாக்கில் இருந்து அங்கே இருந்து வேகமாகப் பரவியது என்றும் சொல்லியிருக்காங்க.

பக்கத்துச் சீனாவில் ஹிப்பாரியனுக்கு இதைவிடச் சோதனை. அங்கே வடக்குச் செம்மண்ணில் இதன் பல் ஏராளம். அந்த மண்ணுக்கே 'ஹிப்பாரியன் களிமண்' என்று பேர் வச்சிருந்தாங்க. ஊர்க்காரங்க அதைத் தோண்டி 'டிராகன் பல்' என்று நாட்டு மருந்துக் கடைக்கு வித்துடுவாங்க. இடிச்சுப் பொடியாக்கி வியாதிக்குக் கொடுப்பது வழக்கம். ஹாபெரர் என்ற ஜெர்மானியர் 1900ஐ ஒட்டி, கலவரத்தால் உள்நாட்டுக்குப் போக முடியாமல், மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி டிராகன் பல் வாங்கி மியூனிக்குக்கு அனுப்பினார். 1903ல் ஷ்லாஸர் அதை மட்டுமே வச்சு ஒரு தடிமனான நூல் எழுதினார். சுக்கு மிளகு வாங்கப் போற இடத்தில் ஒரு நாட்டின் விலங்கு வரலாறு! எத்தனை குதிரை கசாயமாகிப் போச்சோ.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஹிப்பாரியன் கூட்டம் படிப்படியாகக் குறைஞ்சுது. ஆப்பிரிக்காவில் மட்டும் ரொம்பக் காலம் தாக்குப் பிடிச்சுது. புது ஒற்றைக் குளம்புக் குதிரைகள் அங்கே போன பிறகும் பத்து லட்சம் வருசத்துக்கு மேல் ரெண்டும் ஒண்ணாகவே மேய்ஞ்சிருக்கு. 'உசத்தியானது வந்ததும் மட்டமானது ஒழிஞ்சது' என்கிற கதை இங்கே எடுபடாது.

கடைசியாக, எனக்குத் தூக்கம் வராமல் பண்ணின இடம். தான்சானியாவில் லாயெட்டோலி. சுமார் 36 லட்சம் வருசம் முன்னால் எரிமலைச் சாம்பல் விழுந்து, லேசாக மழை தூறி, சாம்பல் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கு. 1976ல் மேரி லீக்கியின் குழுவுக்கு வந்திருந்தவங்க யானைச் சாணியை ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிஞ்சு விளையாடறப்போ, தப்பிக்கக் குனிஞ்ச ஒருத்தர் தரையில் மிருகத் தடம் பார்த்தார். 1978ல் அதே பக்கத்தில் கிடைச்சதுதான் ரெண்டு காலில் நடந்த நம்ம ஆதி மூதாதைகளின் பிரசித்தி பெற்ற காலடித் தடம். அந்தத் தடத்துக்குக் குறுக்கே ஹிப்பாரியன் தடமும் போகுது. பெரியது ஒண்ணு, கூடவே குட்டி ஒண்ணு.

1984ல் எலிஸ் ரெண்டர்ஸ் என்பவர் அந்தக் குளம்படிகளின் இடைவெளியை அளந்து, இன்றைய குதிரைகளின் நடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாதா நடை இல்லை, பெருநடையும் இல்லை. ஐஸ்லாந்துக் குதிரைகள் போகுமே, ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கிற மாதிரி, குலுங்காமல் விறுவிறுன்னு ஒரு ஓட்டநடை, அது. வழுக்குகிற ஈரச் சாம்பலில் விழாமல் போக வசதியான நடை. இன்றைய குதிரைகளில் அந்த நடைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012ல் கண்டுபிடிச்சாங்க.

தடத்தின் மேல் சண்டை இன்னும் ஓயலை. காணாமல் போன விரல்கள் நுனி வரைக்கும் இன்றைய குளம்புக்குள்ளேயே ஒளிஞ்சிருக்குன்னு 2018ல் ஒரு குழு சொன்னது, லாயெட்டோலி தடத்தையும் சாட்சிக்கு இழுத்தாங்க. 2023ல் இன்னொரு குழு அதே தடங்களைத் திரும்பப் பார்த்து, மேல்பகுதி மிச்சம் இருப்பது சரிதான், நுனிக்கு ஆதாரம் இல்லைன்னு மறுத்தாங்க. மூணு விரல் குதிரை செத்தும் வேலை வாங்குது.

நாளைக்கு டீக்கடையில் நண்பரிடம் எதில் இருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். வாடகை வீட்டுக் கதையில் இருந்து ஆரம்பிச்சா எடுபடும்னு தோணுது. அவரே போன மாசம்தான் வீடு மாறினார் :-)